டியேகோ கார்சியா: தீவுக்காரர்களை இந்த முறையாவது கேட்டார்களா?

கலங்கரை (இழையைத் தொடங்கியவர்)
24 மே 2025, காலை 7.40

நேற்று முன்தினம் பிரிட்டனும் மொரீஷியஸும் இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டம் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டன. நான் வாங்கும் நாளிதழில் உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தியாக வந்திருந்தது. தீவுகள் மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியாவில் உள்ள இராணுவத் தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகையாகப் பிரிட்டனிடம், அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. அத்துடன் செய்தி முடிந்துவிட்டது. அங்கே பிறந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சரக்குக் கப்பல்களில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன். தொண்ணூறுகளில் ஒரு கப்பலில் எங்கள் சமையற்காரர் மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸ்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பாலில் பேய்க்கணவாய்க் கறி வைத்தார். அவர் தேங்காய் உடைப்பதை நின்று பார்த்தேன். கத்தியின் முதுகால் சுற்றிலும் மூன்று தட்டு. மூடி இரண்டும் அளவெடுத்தாற்போல் பிளந்தன. மொரீஷியஸில் எல்லாரும் இப்படித்தான் உடைப்பார்களா என்று கேட்டேன். "இல்லை, இது அம்மாவின் ஊர்ப் பழக்கம்" என்றார். அம்மாவின் ஊர் பெரோஸ் பான்யோஸ். அப்படி ஒரு பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். கடல் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். ஓரிடத்தில் விரலை வைத்தார்; வெகுநேரம் எடுக்கவில்லை.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1800 கிலோமீட்டரில் இருக்கிறது டியேகோ கார்சியா. தில்லியைவிட நமக்குப் பக்கம். அதற்கு வடக்கே இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல் போனால் இதே சாகோஸ் கூட்டத்தைச் சேர்ந்த பெரோஸ் பான்யோஸும் சாலமனும் (பசிபிக்கின் சாலமன் தீவுகள் வேறு). பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்பு போட, மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். ஐந்தாறு தலைமுறையில் அவர்கள் ஒரே மக்களாகிவிட்டார்கள். பிரெஞ்சும் பிற மொழிகளும் கலந்து பிறந்த, சொந்தமான ஒரு கிரியோல் பேச்சு, ஒரு தேவாலயம், கழுதை பூட்டிய எண்ணெய்ச் செக்கு, கொப்பரைக் களம், வீட்டுக்கு வீடு கோழியும் நாயும்.

அமெரிக்க இராணுவத் தளத்துக்கு இடம் கொடுப்பதற்காக, 1968 முதல் 1973 வரை பிரிட்டன் அத்தனை பேரையும் வெளியேற்றியது. 1500 முதல் 2000 பேர் வரை. முதலில், வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்களிடம் திரும்பிப்போகக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு தீவுக்கு வரும் அரிசியும் மருந்தும் குறைந்தன. 1971-இல் டியேகோ கார்சியாவில் நாய்களைக் கொன்றார்கள். சுட்டார்கள், விஷம் வைத்தார்கள், தீரவில்லை. கடைசியில் இறைச்சியைக் காட்டிக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அழைத்துச்சென்று கதவைச் சாத்தி, இராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் நாய்கள். பிள்ளைகள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்து நாம்தான் என்று பெரியவர்கள் புரிந்துகொண்டார்கள்.

ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு மெத்தை. 'நோர்ட்வேர்' என்ற சிறு கப்பல். பெரோஸ் பான்யோஸின் கடைசிக் குடும்பங்கள் 1973-இல் அதில்தான் ஏற்றப்பட்டன.

விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். இந்த ஒப்பந்தத்தை நல்லது என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு விளங்கவில்லை.

---

செந்தில்நாதன், கோவை
24 மே 2025, காலை 10.15

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

அறுபதுகளில் நிலைமை வேறு. ஏடனும் சிங்கப்பூரும் பிரிட்டன் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவில் ஒரு தளம் வேண்டும் என்று அமெரிக்கா நினைத்ததில் கணக்கு இருந்தது. 1991 வளைகுடாப் போர், 2001 ஆப்கானிஸ்தான், 2003 ஈராக், எல்லாவற்றிலும் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. இன்று சீனக் கடற்படை ஆப்பிரிக்கக் கரையின் ஜிபூட்டி வரை வந்துவிட்டது. நம் நாட்டின் பாதுகாப்பையும் நினைக்க வேண்டாமா? அந்த மக்கள் தோட்டத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்த்தவர்கள் என்றும் படித்திருக்கிறேன். தோட்டத்தை மூடினால் தொழிலாளர்கள் வெளியேறுவது எங்கும் நடப்பதுதான். இழப்பீடும் கொடுத்திருக்கிறார்கள். நாய்களைக் கொன்றது கொடுமை. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

---

நெய்தல்
24 மே 2025, மாலை 4.05

செந்தில்நாதன், நான் சென்னையில் வழக்கறிஞர். இந்த வழக்குகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். "ஒப்பந்தத்துக்கு வேலை பார்த்தவர்கள்" என்று எழுதினீர்கள் அல்லவா, அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் யார் என்று பார்ப்போம்.

ஒரு காலனியில் மக்கள் குடியிருந்தால் அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் விருப்பத்தைக் கேட்க வேண்டும். அதைத் தவிர்க்க ஒரே வழி, அங்கே நிரந்தரக் குடிகள் எவரும் இல்லை என்று எழுதிவிடுவது. 1966-இல் லண்டனில் வெளியுறவு அதிகாரிகள் எழுதிக்கொண்ட குறிப்புகள் பிற்பாடு நீதிமன்றத்துக்கு வந்தன. கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் எவரும் இருக்கமாட்டார்கள் என்று ஒருவர் எழுதுகிறார். பறவைகளோடு சில டார்ஜான்களும் மேன் ஃபிரைடேக்களும் (ராபின்சன் குரூசோ கதையில் வரும் தீவு வேலைக்காரனின் பெயர்) வந்து சேர்கிறார்கள், அவர்களை மொரீஷியஸ் தலையில் கட்டிவிடலாம் என்று இன்னொருவர் பதில் எழுதுகிறார். தாத்தாவின் கல்லறை இருக்கும் ஊரில் பிறந்த பிள்ளையைத் "தற்காலிகத் தொழிலாளி" என்று பதிவேட்டில் மாற்றி எழுதினார்கள். இந்தக் கட்டுக்கதையை எப்படிக் கட்டிக்காப்பது என்று சட்ட ஆலோசகரே குறிப்பு எழுதியிருக்கிறார். ஆட்களைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே காகிதத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். 1965 நவம்பர் 8-ஆம் தேதி, சுதந்திரத்துக்குக் காத்திருந்த மொரீஷியஸிலிருந்து சாகோஸைப் பிரித்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று புதிதாக ஒரு காலனியை உண்டாக்கினார்கள். மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு. 1966 டிசம்பரில் அமெரிக்காவுடன் 50 ஆண்டு உடன்பாடு. அதற்குக் கைமாறாக, பிரிட்டன் பொலாரிஸ் ஏவுகணை வாங்கிய கணக்கில் 1.4 கோடி டாலரை அமெரிக்கா இரகசியமாகத் தள்ளுபடி செய்தது. 1967-இல் தோட்டக் கம்பெனியைப் பிரிட்டிஷ் அரசே விலைக்கு வாங்கியது. எனவே "தோட்டத்தை மூடினார்கள்" என்று யாரோ ஒரு முதலாளியைச் சொல்ல முடியாது. முதலாளியும் அரசுதான், மூடியதும் அரசுதான்.

இழப்பீட்டுக்கு வருகிறேன். 1972-இல் 6.5 லட்சம் பவுண்டு மொரீஷியஸ் அரசிடம் கொடுக்கப்பட்டது. 1982-இல் 40 லட்சம். இரண்டாவது தொகையைப் பெறும்போது ஒரு படிவத்தில் கைந்நாட்டு வாங்கினார்கள். இனி ஊர் திரும்பும் உரிமை கேட்கமாட்டோம் என்பது அதன் சாரம். கிரியோல் மட்டுமே பேசத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்களிடம் நீட்டப்பட்ட அந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவர்கள் மனுவை ஏற்க மறுத்தபோது இந்த 1982 உடன்பாட்டைத்தான் காரணம் காட்டியது.

இன்னொன்று. பிரிட்டன்மீது முதலில், 1975-இல், வழக்குப் போட்ட தீவுக்காரர் பெயர் மிஷெல் வெங்கடாசென். அந்தப் பெயருக்குள் ஒரு வேங்கடேசன் இருக்கிறான் என்றே என் காதுக்குப் படுகிறது.

---

பவளம்
24 மே 2025, இரவு 9.30

கடல் உயிரியல் படிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரிட்டன் சாகோஸைச் சுற்றிப் பெரும் கடல் காப்பகம் அறிவித்தது. வகுப்பில் அதைப் பற்றி நானே கட்டுரை வாசித்திருக்கிறேன். உலகிலேயே மிகத் தூய்மையான பவளப் பாறைகளில் ஒரு பகுதி, மீன்பிடிக்கு முழுத் தடை என்று பெருமையாகப் பேசினேன்.

பிறகுதான் விக்கிலீக்ஸில் வந்த அமெரிக்கத் தூதரகத் தந்தியைப் படித்தேன். காப்பகம் வந்தால் பழைய குடிகள் திரும்பிவர வழி இருக்காது என்பதைப் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஒரு பயனாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2015-இல் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின்கீழ் அமைந்த நடுவர் தீர்ப்பாயம் ஒன்று, காப்பகம் அறிவிக்கப்பட்ட முறையே சட்டத்துக்குப் புறம்பானது என்று சொன்னது.

அதே டியேகோ கார்சியாவில், மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓடுதளத்துக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். காயலை ஆழப்படுத்தித்தான் போர்க்கப்பல்கள் நிற்க இடம் செய்தார்கள். தூண்டில் போடும் ஒரு கிழவரால் பவளம் அழியும், விமானந்தாங்கிக் கப்பலால் அழியாது என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

---

பூநகரியாள்
25 மே 2025, காலை 6.20

கலங்கரை அண்ணா எழுதிய நாய்களின் கதையை வாசித்ததும் எனக்கு இரணைதீவு மாடுகள் நினைவுக்கு வந்தன.

எங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பக்கம் கடலுக்குள் இருக்கிற இரட்டைத் தீவு அது. கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கச் சனம். 1992-இல் போரால் இடம்பெயர்ந்து கரையில் இரணைமாதாநகரில் குடியேறினார்கள். தீவில் கடற்படை முகாம் வந்தது. போர் முடிந்து ஆண்டுகள் போனபிறகும் ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. 2017 மே முதலாம் திகதி கரையில் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒரு வருடம் ஆகப்போகிற வேளையில், 2018 ஏப்ரல் 23-ஆம் திகதி, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தீவுக்குப் போய் இறங்கினார்கள். முதலில் தேவாலயத்துக்குள் போய் மண்டியிட்டார்கள்.

விட்டுவிட்டு வந்த மாடுகள் பெருகிக் காட்டுமாடுகளாகத் திரிந்தன. வீடுகளில் சுவர் மட்டும் நின்றது. அங்கே பிறந்த ஓர் அம்மாவுடன் பின்பு ஒருமுறை நான் போனேன். கூரையில்லாத ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றார். உள்ளே மரம் முளைத்திருந்தது. "இந்த இடத்தில்தான் அடுப்பு" என்று காலால் மண்ணை விலக்கினார். கறுத்த கல் ஒன்று தெரிந்தது. அதைக் குனிந்து தொட்டுவிட்டு, கடலட்டை பொறுக்கப் போகும் நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்.

செந்தில்நாதன் அண்ணா, நீங்கள் இழப்பீடு என்று எழுதினீர்கள். அந்தக் கல்லுக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாகோஸ் சனத்துக்கு வள்ளத்தில் போய் இறங்கும் வழியும் இல்லை. மொரீஷியஸிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

---

ரோஸ்பெல் முருகன்
25 மே 2025, பிற்பகல் 1.50

வணக்கம். மொரீஷியஸில் பிறந்த தமிழன். என் தமிழ் பெரியவனான பிறகு கற்ற தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் பிரிட்டனைக் குற்றம் சொல்கிறீர்கள். அது சரிதான். ஆனால் எங்கள் வீட்டுக் குற்றத்தை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? சாகோஸ் மக்களை எங்கள் ஊரில் 'இல்வா' என்பார்கள். தீவுக்காரர் என்றுதான் அதற்குப் பொருள், ஆனால் எங்கள் சிறுவயதில் அது ஒரு வசவு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள் அந்நகரின் ரோஷ் புவா, கஸ்ஸி பகுதிக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். தேங்காய் உரிக்கவும் மீன்பிடிக்கவும் தெரிந்தவர்களுக்குக் கரும்புத் தீவில் என்ன வேலை கிடைக்கும்? பெண்கள் வீட்டுவேலைக்குப் போனார்கள். பணம் இல்லாமல் சோறு இல்லை என்பதே அவர்களுக்குப் புதிது. 1972-இல் வந்த அந்த 6.5 லட்சம் பவுண்டை எங்கள் அரசு 1977, 78 வரை பங்கிட்டுக் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனா தடுத்தது?

அவர்கள் பேச்சில் 'சக்ரென்' என்று ஒரு சொல் உண்டு. ஏக்கம், துக்கம், மனம் விட்டுப்போவது எல்லாம் அதில் அடங்கும். இன்னார் எதனால் இறந்தார் என்று கேட்டால், சக்ரென்னால் இறந்தார் என்பார்கள். வைத்தியர் எழுதாத காரணம். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அதுதான் காரணம்.

எழுந்து நின்றவர்கள் பெண்கள். லிசெட் தலாத், ஷார்லெசியா அலெக்சிஸ், ரீத்தா பாங்கூல். 1981-இல் உண்ணாவிரதம் இருந்தார்கள், தெருவில் அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். ரீத்தா அம்மாளின் கதை எங்கள் ஊரில் பலருக்கும் தெரியும். 1968-இல் காயம்பட்ட மகளைச் சிகிச்சைக்காகப் பெரோஸ் பான்யோஸிலிருந்து கூட்டிவந்தார். மகள் பிழைக்கவில்லை. ஊர் திரும்பக் கப்பல் கேட்கப் போனபோது, உங்கள் தீவை விற்றாயிற்று என்றார்கள். அவருடைய மகன் ஒலிவியே பாங்கூல் மின்வேலை செய்பவர். அவர்தான் பிறகு பிரிட்டிஷ் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்.

---

செந்தில்நாதன், கோவை
25 மே 2025, இரவு 8.10

ஒப்பந்தக் கூலிகள் என்று நான் எழுதியது தவறு. திருத்திக்கொள்கிறேன். நெய்தல் காட்டிய வரிசையை நான் அறிந்திருக்கவில்லை.

தளம் தேவை என்ற கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. தளம் டியேகோ கார்சியாவில். 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற பெரோஸ் பான்யோஸையும் சாலமனையும் ஏன் காலி செய்தார்கள்? தளத்திலேயே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்களாமே, அதில் தீவுக்காரர்களை வைத்துக்கொள்ள முடியாதா?

இன்னொரு கேள்வி. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் தீவில் பிறந்த இரண்டு பெண்களே அதைத் தடுக்க லண்டனில் வழக்குப் போட்டார்களே, அது ஏன்?

---

நெய்தல்
26 மே 2025, காலை 11.00

முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஏனென்றால் அவர்களிடமே இருக்கவில்லை. தீவுகள் "துடைத்து" ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கா விரும்பியது. பிரிட்டன் ஒத்துக்கொண்டது. தளத்தின் வேலைகளுக்குப் பிலிப்பைன்ஸ்காரர்களையும் மொரீஷியஸ்காரர்களையும் எடுத்தார்கள். சாகோஸ்காரர்களுக்குப் பல்லாண்டு காலம் அந்தக் கதவு திறக்கவில்லை.

2000 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் 1971-ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டம் செல்லாது என்றது. வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக் மேல்முறையீடு செய்யவில்லை. டியேகோ கார்சியா தவிர மற்ற தீவுகளுக்குத் திரும்பலாம் என்றார். அந்த மூன்றரை ஆண்டு நம்பிக்கையை 2004 ஜூனில் பறித்தார்கள். நாடாளுமன்றத்தில் விவாதிக்காமல், அரசியின் ஆணை என்ற பழைய அதிகாரத்தைக் கொண்டு மீண்டும் தடை. அதை எதிர்த்து 2006-இலும் 2007-இலும் தீவுக்காரர்கள் வென்றார்கள். 2008-இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று கவிழ்த்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால்!

2019 பிப்ரவரி 25-ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்று கருத்துரை தந்தது. மொரீஷியஸிலிருந்து சாகோஸைப் பிரித்ததே சட்டப்படி செல்லாது, பிரிட்டன் விரைவாக வெளியேற வேண்டும் என்றது. அந்த வழக்கில் லிஸ்பி எலிசே என்ற பெண்மணி காணொளியில் தன் கதையைச் சொன்னார். 1973-இல் கப்பலேறும்போது கருவுற்றிருந்தார். குழந்தை பிழைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தாய்மொழியில், உலக நீதிமன்றத்தின் முன் பேசினார். அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, இந்தியாவும் அதில் உண்டு. எதிர்த்தவை ஆறு.

இப்போது அந்த இரண்டு பெண்கள். பெர்னடெட் துகாஸ், பெர்ட்ரிஸ் போம்ப். இருவரும் டியேகோ கார்சியாவில் பிறந்தவர்கள். 22-ஆம் தேதி அதிகாலையில் ஒரு நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். அன்றே இன்னொரு நீதிபதி அதை நீக்கினார். உடனே கையெழுத்து நடந்தது. எங்கள் ஊரைப் பற்றி எங்களைக் கேட்காமல் இரண்டு அரசுகள் பேசிமுடித்தது தவறு என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். ஒலிவியே பாங்கூலும் அவருடைய அமைப்பினரும் ஒப்பந்தத்தை வரவேற்கிறார்கள். சாகோஸ் மக்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஒரே குரலில் பேசுங்கள் என்று கேட்க நமக்கு உரிமையும் இல்லை.

கலங்கரை ஐயாவின் கேள்விக்கு என் பதில்: ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால், அதன்படி மொரீஷியஸ் மற்ற தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம், டியேகோ கார்சியாவில் முடியாது. அங்கே பிறந்தவர்கள் சொந்த ஊருக்குப் பதில் பக்கத்துத் தீவில் குடியேறலாம், அதுவும் மொரீஷியஸ் ஏற்பாடு செய்தால். தலைக்கு மேல் அறுபது ஆண்டு ஓடிவிட்டது. நான் இதை ஒரு பாதிக் கதவு என்றே பார்க்கிறேன்.

---

பூநகரியாள்
26 மே 2025, மாலை 5.45

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றை யாரும் சொல்லவில்லை. 2021 ஒக்டோபரில், கனடாவுக்குப் போக நினைத்துக் கடலில் தத்தளித்த ஒரு மீன்பிடிப் படகு டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் இருந்தவர்கள் 89 பேர், இலங்கைத் தமிழர்கள். வேலியிட்ட கூடார முகாமில், எலிகளோடு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அந்தக் கூடாரங்களில் வளர்ந்தார்கள். சிலர் தங்களையே மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். 2024 டிசம்பரில்தான், எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானவர்களைப் பிரிட்டனுக்கு அழைத்தார்கள். அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அவர்களை அடைத்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

தன் ஊரில் இருக்கவேண்டியவர்களுக்கு அந்தத் தீவில் இடமில்லை. வேறெங்கோ போகவேண்டியவர்களை அங்கேயிருந்து போக விடவில்லை. இரண்டு சனமும் ஒரே தென்னைகளைத்தான் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

---

கலங்கரை
27 மே 2025, இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. செந்தில்நாதன், நீங்கள் திருத்திக்கொண்டதற்குத் தனியாக நன்றி.

இன்று காலை அந்தச் சமையற்காரரோடு தொலைபேசியில் பேசினேன். இப்போது இங்கிலாந்தில் கிராலி ஊரில் மகளோடு இருக்கிறார். அங்கே சாகோஸ்காரர்கள் நிறையப் பேர். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் 2006-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் தீவுக்காரர்களில் சுமார் நூறு பேரைக் கப்பலில் அழைத்துப்போய், சில மணி நேரம் மட்டும் இறங்கிக் கல்லறைகளைப் பார்க்க விட்டார்கள். அவருடைய அம்மாவின் பெயர் அதில் வரவில்லை. போகிற ஒரு தோழியிடம், தன் அப்பாவின் கல்லறை எங்கே என்று அடையாளம் சொல்லி அனுப்பினார். தேவாலயத்திலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் இரண்டாவது வரிசை, பக்கத்தில் ஒரு வளைந்த தென்னை.

தோழி திரும்பி வந்து, தோப்பு அடர்ந்து காடாகிவிட்டது, வரிசையே தெரியவில்லை, அதனால் கண்ணில் பட்ட கல்லறைகளையெல்லாம் துடைத்துப் பூ வைத்துவிட்டு வந்தேன் என்றாராம். அம்மா சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வளைந்த தென்னை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம்.

அம்மா மறைந்து எட்டு ஆண்டாகிறது. பெரோஸ் பான்யோஸுக்குக் கப்பல் விட்டால் போவீர்களா என்று அவரிடம் கேட்டேன். அம்மாவின் சாம்பல் வீட்டில் இருக்கிறது என்றார்.